பழைய கணினியை விற்கிறேன். ஃபார்மேட் செய்தால் போதுமா?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் வரி ஆலோசகராக இருக்கிறேன். அறுபதைத் தாண்டிவிட்டதால் அலுவலகத்தை மூடப்போகிறேன். என்னிடம் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் உள்ள ஒரு மேசைக் கணினி இருக்கிறது. வாங்கிப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 2020இல் வாங்கிய லேப்டாப் ஒன்று, அதில் 256 ஜிபி எஸ்எஸ்டி. தவிர, கொஞ்ச காலமாக 'டிக் டிக்' என்று சத்தம் போடும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று. மூன்றையும் பழைய கணினி வாங்கும் கடைக்காரர் ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். என் தங்கை மகன் மேசைக் கணினியை ஃபார்மேட் செய்து விண்டோஸையும் புதிதாக ஏற்றிவிட்டு, "எல்லாம் போய்விட்டது மாமா, தாராளமாகக் கொடுங்கள்" என்கிறான். கடைக்காரரோ, "நீங்கள் எதற்குச் சிரமப்படுகிறீர்கள், நாங்களே அழித்துவிடுவோம்" என்கிறார். நண்பர் ஒருவர், 35 முறை அழித்தால்தான் போகும் என்று பயமுறுத்துகிறார். என் கட்சிக்காரர்களின், அதாவது என்னிடம் வரி வேலையை ஒப்படைத்தவர்களின், ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் அவற்றில் இருந்தன. யார் பேச்சைக் கேட்பது?

பதில்:

ஐயா, வணக்கம்.

பொருளைக் கையை விட்டு அனுப்புவதற்கு முன்பே கேட்டீர்கள். அதற்கு முதலில் நன்றி. பழுதான டிஸ்குகளிலிருந்து கோப்புகளை மீட்டுக் கொடுப்பது என் தொழில். அழிந்துவிட்டது என்று நம்பப்பட்டவற்றை அன்றாடம் கண்ணால் பார்க்கிறவன் என்பதால் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். மூவர் பேச்சையும் அப்படியே ஏற்க வேண்டாம். உங்கள் மூன்று பொருட்களுக்கும் மூன்று வெவ்வேறு வழி இருக்கிறது. மூன்றாவதை விற்கவே கூடாது.

அழிப்பதைப் பற்றிப் பேசுமுன் ஒரு சந்தேகம். மேசைக் கணினியை ஃபார்மேட் செய்வதற்கு முன் நகல் எடுத்துவைத்ததாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. எடுத்திருந்தால் நல்லது. எடுக்கவில்லை என்றால் இந்த நிமிடமே அந்தக் கணினியை அணைத்துவிடுங்கள். மறுபடி போட வேண்டாம். ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆவது பிரிவுப்படி, கணக்குப் புத்தகங்களை ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்வதற்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். 2023-24ஆம் ஆண்டுக் கணக்கென்றால் 2030 டிசம்பர் வரை. அந்தப் பொறுப்பு கட்சிக்காரருடையதுதான். ஆனால் நோட்டீஸ் வந்தால் அவர் ஓடிவருவது உங்களிடம்தானே. ஃபார்மேட் செய்த டிஸ்கிலிருந்து இப்போதும் பெரும்பகுதியை மீட்க முடியும். அது முடிகிறது என்பதுதான், அந்த டிஸ்கை அப்படியே விற்கக் கூடாது என்பதற்கும் காரணம்.

ஏன் முடிகிறது? ஒரு கோப்பை நீக்கி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால், விண்டோஸ் தன் பட்டியலில் அந்தக் கோப்புக்கான பதிவை 'பயன்பாட்டில் இல்லை' என்று குறித்துக்கொள்கிறது. அது இருந்த இடத்தைக் காலி இடமாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. எழுத்துகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வீட்டு வரிப் பதிவேட்டில் கதவு எண்ணை அடித்துவிட்டால் வீடு இடிந்துவிடாது, அதுபோலத்தான். 'குவிக் ஃபார்மேட்' இன்னும் ஒரு படி போய்ப் பழைய பட்டியலுக்குப் பதில் புதுப் பட்டியல் ஒன்றை எழுதுகிறது, அவ்வளவே. விண்டோஸை நிறுவும்போது திரையில் வரும் ஃபார்மேட் பொத்தானும் இதே வகைதான். அதற்குமேல் உங்கள் மருமகப்பிள்ளை விண்டோஸ் ஏற்றியிருக்கிறார். அது 20 முதல் 30 ஜிபி இடத்தை நிரப்பியிருக்கும். அந்த இடத்தில் இருந்தவை போயிருக்கும். மிச்சம் 400 ஜிபிக்கு மேல் யார் கையும் படாமல் இருக்கிறது.

இப்படிப்பட்ட டிஸ்கில் என்ன கிடைக்கும் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பார்க்காதவர்களுக்கு நம்பிக்கை வருவதில்லை. இலவசமாகவே கிடைக்கும் ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள் பட்டியலை நம்பியிருப்பதில்லை. டிஸ்கின் முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை வரிசையாகப் படித்துக்கொண்டே போகிறது. ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் தொடக்கத்தில் ஓர் அடையாளம் உண்டு. ஜேபிஜி படம் என்றால் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்று தொடங்கும். பிடிஎஃப் என்றால் சதவீதக் குறியும் அந்த மூன்று எழுத்துகளும். அந்த அடையாளம் கண்ணில் பட்டதும் அங்கிருந்து வெட்டி எடுத்துத் தனிக் கோப்பாக வைத்துவிடுகிறது. பழைய பெயர் போயிருக்கும். எஃப் என்ற எழுத்தும் பின்னால் நீண்ட எண்ணுமாகப் புதுப் பெயர் வரும். திறந்தால் படம் முழுசாக இருக்கும். ஸ்கேனரில் சற்றுக் கோணலாக வைக்கப்பட்ட ஆதார் அட்டை, அதன் பின்பக்கத்து முகவரி, ஓரத்தில் பேனாவால் எழுதிய கைபேசி எண், காசோலையின் நகல், கையெழுத்து. வரி ஆலோசகர் ஒருவரின் டிஸ்க் என்றால் இதோடு நிற்காது. யாருடைய வருமான வரித் தளத்துக்கு எது பாஸ்வேர்டு என்று பெயர்வாரியாக எழுதிவைத்த எக்செல் தாள் ஒன்று அநேகமாக எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறது. ஆதாரையும் பானையும் கையெழுத்தையும் பாஸ்வேர்டையும் ஒரே இடத்தில் வைத்திருப்பவர்கள் உங்கள் தொழிலில்தான் அதிகம். இதில் எதுவும் உங்களுடையதல்ல, ஐயா. உங்களை நம்பிக் கொடுத்தவர்களுடையது.

இது என் ஊகமல்ல. அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வாளர்கள் சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் 2000ஆம் ஆண்டு முதல் 2002 வரை பழைய சந்தைகளில் 158 ஹார்ட் டிஸ்குகளை வாங்கிப் பார்த்தார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து 5,000க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. ஏடிஎம் இயந்திரம் ஒன்றில் இருந்த டிஸ்கும் அந்தக் கூட்டத்தில் இருந்தது. அவற்றில் பலவற்றை விற்றவர்கள் அழிக்கத்தான் முயன்றிருந்தார்கள். அழித்துவிட்டதாக நம்பியே விற்றார்கள்.

சரி, மேசைக் கணினியின் ஹார்ட் டிஸ்குக்கு வருவோம். இது காந்தத் தட்டில் எழுதும் பழைய வகை. இதை அழிக்க ஒரே வழி, இருந்த எழுத்தின் மேல் வேறொன்றை எழுதுவது. எத்தனை முறை என்றால், ஒரு முறை. முதல் இடம் முதல் கடைசி இடம் வரை முழு டிஸ்கிலும் பூஜ்யங்களை ஒரே ஒரு முறை எழுதினால் போதும்.

உங்கள் நண்பர் சொன்ன 35 என்ற எண் வானத்திலிருந்து விழுந்ததல்ல. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கட்மன் 1996இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அன்றைய டிஸ்குகளில் தரவைப் பதியப் பல முறைகள் இருந்தன. உங்கள் கையில் எந்த வகை இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் பலிக்க வேண்டும் என்று, எல்லா வகைக்குமான வடிவங்களையும் அவர் ஒன்றாகச் சேர்த்தார். அது 35 ஆயிற்று. எந்த ஒரு டிஸ்குக்கும் அந்த 35ம் மொத்தமாகத் தேவையில்லை என்று பின்னாளில் அவரே விளக்கி எழுதினார். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், இதற்கென்றே வெளியிட்டுள்ள வழிகாட்டியின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இத்தகைய டிஸ்குகளுக்கு ஒரு முறை எழுதுவதையே அளவாகச் சொல்கிறது. 500 ஜிபி டிஸ்கை 35 முறை எழுத இரண்டு நாட்களுக்கு மேல் ஆகும். பத்தாண்டு ஓடிய டிஸ்க் அதற்குள் படுத்துவிடவும் கூடும். நண்பரின் அக்கறை நல்லதுதான், ஆனால் இந்த எண்ணைக் கேட்டு மலைத்துப்போய் ஒரு முறைகூடச் செய்யாமல் விட்டவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

செய்முறை இதுதான். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தான் உட்கார்ந்திருக்கும் டிஸ்கை அழிக்க விடாது. ஆகவே டிஸ்கைக் கழற்றி, யுஎஸ்பி இணைப்பான் ஒன்றின் மூலம் வேறொரு கணினியில் மாட்டுங்கள்; 3.5 அங்குல டிஸ்க் என்பதால் தனி மின்சாரம் தரும் இணைப்பானாகப் பார்த்து வாங்க வேண்டும். மருமகப்பிள்ளைக்கு இது கைவந்த வேலையாக இருக்கும். அந்தக் கணினியில் வேறு வெளி டிஸ்கோ பென்டிரைவோ செருகியிருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையோடு திறந்து டிஸ்க்பார்ட் என்ற கருவியை இயக்க வேண்டும். 'லிஸ்ட் டிஸ்க்' என்று கொடுத்தால் டிஸ்குகளின் பட்டியல் வரும். உங்கள் 500 ஜிபி அங்கே 465 ஜிபி என்று காட்டப்படும். பயப்பட வேண்டாம், கணக்கிடும் முறையில் உள்ள வேறுபாடு அது. அந்த வரியின் தொடக்கத்தில் உள்ள டிஸ்க் எண்ணை 'செலக்ட் டிஸ்க்' என்று தேர்ந்தெடுத்து, சரியான டிஸ்க்தானா என்று இருவருமாக ஒரு முறை உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு, 'கிளீன் ஆல்' என்று கொடுக்கட்டும். ஆல் என்ற சொல்லை விட்டுவிட்டு வெறும் 'கிளீன்' என்று கொடுத்தால் சில நொடிகளில் முடிந்துவிடும். பகுதிகளின் பட்டியல் மட்டும் போயிருக்கும், தரவு அப்படியே இருக்கும். ஆல் சேர்த்தால்தான் ஒவ்வோர் இடத்திலும் பூஜ்யம் எழுதப்படும்.

அது முடிய வேகமான யுஎஸ்பி 3 இணைப்பில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். பழைய யுஎஸ்பி 2 என்றால் நான்கு மணி நேரத்துக்கு மேல். எவ்வளவு முடிந்தது என்று திரையில் எதுவும் காட்டாது. நின்றுவிட்டதோ என்று நினைத்துப் பாதியில் மூடிவிடாதீர்கள். மின்தடை வரும் நேரமாகப் பார்த்துத் தொடங்க வேண்டாம். அப்படியே தடைப்பட்டாலும் மறுபடி முதலிலிருந்து ஓட்டினால் சரியாகிவிடும். கட்டளை தட்டுவதில் தயக்கம் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: வெளியே மாட்டிய டிஸ்கின் ஒவ்வொரு பகுதியின் மேலும் வலது சொடுக்கில் ஃபார்மேட் எடுத்து, 'குவிக் ஃபார்மேட்' கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து முழு ஃபார்மேட் அந்தப் பகுதி முழுக்கப் பூஜ்யம் எழுதுகிறது. எக்ஸ்பி காலத்தில் அப்படி இல்லை; அதனால்தான் 'முழு ஃபார்மேட் செய்தாலும் மீட்கலாம்' என்ற பழைய பேச்சு இன்னும் உலவுகிறது.

முடிந்த பிறகு சரிபார்க்காமல் விடாதீர்கள். ஹெச்எக்ஸ்டி என்ற இலவச மென்பொருளில் அந்த டிஸ்கைப் படிப்பதற்கு மட்டும் திறந்து, நடுவில் எங்காவது, கடைசியில் எங்காவது போய்ப் பாருங்கள். அழிக்கப்படாத டிஸ்க் என்றால் வலப்பக்கத்தில் எழுத்துகளும் குறிகளும் கலந்து ஓடும். உற்றுப் பார்த்தால் யாருடைய பெயரோ மின்னஞ்சலோ தட்டுப்படும். அழிந்த டிஸ்கில் 00, 00, 00 என்று வரிவரியாக அதே எண் மட்டும்தான் இருக்கும். அதன்மேல் ஃபோட்டோரெக்கையும் ஒரு முறை ஓட்டிவிடுங்கள். ஒரு கோப்புகூடக் கிடைக்கவில்லை என்று அது சொன்னால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஒரு நிபந்தனை. அழிப்பதற்கு முன் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற ஒன்றில் டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள். நீல நிறத்தில் 'குட்' என்று இருந்தால் சரி. மஞ்சள் நிறம் காட்டினால், பழுதான சில இடங்களை டிஸ்க் தானாக ஒதுக்கிவைத்துவிட்டு வேறு இடத்தைப் பயன்படுத்திக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. ஒதுக்கப்பட்ட இடத்துக்குச் சாதாரணமாக எழுத முடியாது. அங்கே பழையது தங்கியிருக்கலாம். அப்படி என்றால் அந்த டிஸ்கை விற்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. பத்தாண்டுப் பழைய 500 ஜிபி டிஸ்குக்குச் சந்தையில் கிடைப்பது சில நூறு ரூபாய்தான். அதை எடுத்து வைத்துக்கொண்டு மீதிக் கணினியை விற்றுவிடுங்கள்.

லேப்டாப் வேறு விஷயம். மேலே சொன்ன பூஜ்யம் எழுதும் வேலையை எஸ்எஸ்டியில் செய்து அதோடு திருப்தியடைய முடியாது. எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு இல்லை; இருப்பதெல்லாம் மின்னணு நினைவகச் சில்லுகள். அந்தச் சில்லின் ஒவ்வொரு பகுதியையும் குறிப்பிட்ட தடவைதான் அழித்து எழுத முடியும். ஒரே இடம் தேய்ந்துவிடாமல் இருக்க, உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு எழுத்தைப் பரவலாக இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் பழைய கோப்பின் மேல் எழுதுவதாக நினைப்பீர்கள். அது வேறொரு வெற்றிடத்தில் எழுதிவிட்டு, பழையதைப் 'பிறகு அழிக்கலாம்' என்று ஒதுக்கி வைத்திருக்கும். வெளியே 256 ஜிபி என்று சொல்லிக்கொண்டாலும் உள்ளே நம் கண்ணுக்குக் காட்டாத கூடுதல் இடமும் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாக ஆய்வாளர்கள் 2011இல் சில்லுகளை நேரடியாகவே படித்துப் பார்த்து, தனிக் கோப்புகளை மேலெழுதி அழிக்கும் எந்த முறையும் எஸ்எஸ்டியில் நம்பத்தக்கதாக இல்லை என்று காட்டினார்கள்.

நேர்மையாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இன்றைய விண்டோஸ், கோப்பை நீக்கியவுடன் 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று எஸ்எஸ்டிக்குத் தகவல் அனுப்பிவிடுகிறது. டிரிம் என்று அதற்குப் பெயர். எஸ்எஸ்டி தன் ஓய்வு நேரத்தில் அந்த இடத்தை உண்மையாகவே அழித்துவிடுகிறது. தவறுதலாக நீக்கிய கோப்பைத் தேடி எஸ்எஸ்டியைக் கொண்டுவருகிறவர்களைப் பல முறை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது, இதனால்தான். ஆனால் பல முறை என்பது எப்போதும் ஆகிவிடாது. இத்தனை குடும்பங்களின் காகிதத்தை வைத்துக்கொண்டு அந்த இடைவெளியை நம்பக் கூடாது.

எஸ்எஸ்டியை அழிக்கச் சரியான ஆள் எஸ்எஸ்டியேதான். எல்லாச் சில்லுகளையும், மறைந்திருக்கும் இடத்தையும் சேர்த்து அழி என்ற ஆணை அதற்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கூப்பிட வேண்டும். அலுவலகப் பயன்பாட்டுக்கென்று வரும் டெல், ஹெச்பி லேப்டாப்கள் பலவற்றில் பயாஸ் என்ற, விண்டோஸ் எழுவதற்கு முன்பே வரும் அமைப்புத் திரைக்குள்ளேயே 'டேட்டா வைப்' அல்லது 'செக்யூர் இரேஸ்' என்று ஒரு வாய்ப்பு இருக்கும். கணினியைப் போடும்போதே எஃப்2 அல்லது எஃப்10 விசையைத் தட்டி உள்ளே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அங்கே இல்லையென்றால் எஸ்எஸ்டியைச் செய்த நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். சாம்சங், கிங்ஸ்டன், குரூஷியல் போன்றவை இதற்கென்று மென்பொருளை இலவசமாகத் தருகின்றன.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது அதைத்தான்: முழு டிஸ்கையும் குறியாக்கம் செய்துவிடுங்கள். விண்டோஸ் புரோ பதிப்பில் பிட்லாக்கர் இருக்கிறது; ஹோம் பதிப்பிலும் பல லேப்டாப்களில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று அமைப்புகளுக்குள் இருக்கும். பிட்லாக்கர் தொடங்கும்போது, பயன்படுத்திய இடத்தை மட்டுமா, முழு டிஸ்கையுமா என்று கேட்கும். புது லேப்டாப் என்றால் முதலாவது போதும். உங்களுடையது ஆண்டுக்கணக்கில் ஓடியது. முழு டிஸ்க் என்பதையே தேர்ந்தெடுங்கள். குறியாக்கம் ஆன பிறகு டிஸ்கில் இருப்பது திறவுகோல் இல்லாமல் யாராலும் படிக்க முடியாத எழுத்துக் குவியல். அதற்குமேல் உள்ளே இருக்கும் அழிப்பு ஆணையையும் கொடுத்துவிட்டால் திறவுகோலும் போய்விடும். முதலில் குறியாக்கம், பிறகு பயாஸ் வழியாக அழிப்பு, கடைசியில் வெறும் விண்டோஸ். இந்த வரிசையில் செய்தால் நானே அந்த எஸ்எஸ்டியை வாங்கி முயன்றாலும் எனக்கு எதுவும் கிடைக்காது.

விண்டோஸுக்குள்ளேயே 'ரீசெட் திஸ் பிசி' என்று இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' எடுத்த பின், அமைப்புகளை மாற்றும் இணைப்பைத் தட்டி 'கிளீன் டேட்டா' என்பதை இயக்கினால்தான் அது அழிக்கவே முயல்கிறது. இயக்காவிட்டால் கோப்புகளை நீக்குவதோடு சரி. இயக்கினாலும், இது வீட்டுப் பயன்பாட்டுக்கானது, அரசு மற்றும் தொழில்துறைத் தரங்களை எட்டாது என்று மைக்ரோசாஃப்டே எழுதிவைத்திருக்கிறது. பிள்ளைகள் படம் பார்த்த கணினிக்கு அது போதும். உங்கள் அலுவலகக் கணினிக்கு நான் ஏற்கமாட்டேன். பயாஸிலும் வழியில்லை, நிறுவனத்தின் மென்பொருளும் கிடைக்கவில்லை என்றால், எஸ்எஸ்டியைக் கழற்றிக்கொண்டு லேப்டாப்பை மட்டும் கொடுங்கள். விலை சற்றுக் குறையும். குறையட்டும்.

இனி அந்த 'டிக் டிக்' டிஸ்க். படிக்கும் முனையில் கோளாறு வந்துவிட்டதற்கான சத்தம் அது. கணினியில் செருகினால் சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது. உங்களால் அதில் எழுத முடியாது, ஆகவே அழிக்கவும் முடியாது. ஆனால் தட்டில் இருக்கும் எழுத்து அப்படியே இருக்கிறது. தூசியில்லாத அறையில் வேறு முனையை மாற்றிப் பொருத்தி அந்தத் தட்டைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தொழிலின் பாதிப் பிழைப்பே அதுதான். உங்களுக்குச் செத்துப்போன டிஸ்க் இன்னொருவருக்கு உயிருள்ள டிஸ்க். பழைய இரும்போடு சேர்த்துப் போடுவதும், கடைக்காரரிடம் 'சும்மா எடுத்துக்கொள்ளுங்கள்' என்று தள்ளிவிடுவதும் கூடவே கூடாது.

இதை உடைக்க வேண்டும். கைக்கு அடக்கமான 2.5 அங்குல டிஸ்க் என்றால் உள்ளே இருக்கும் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்குத் தடித்த உறையும் இல்லாமல் தொடாதீர்கள். தடித்த சாக்கில் சுற்றி, கல் தரையில் வைத்து, சுத்தியலால் நடுவிலும் ஓரங்களிலும் ஓங்கி அடித்தால் உள்ளே தட்டு நொறுங்கும் சத்தம் கேட்கும். ஆட்டிப் பார்த்தால் சில்லு சில்லாகக் குலுங்கும். பெரிய டிஸ்குகளில் தட்டு பெரும்பாலும் அலுமினியம். நட்சத்திர முனைத் திருப்புளியால் மூடியைத் திறந்து, தட்டை வெளியே எடுத்து மடக்கியும் கீறியும் கெடுக்க வேண்டும், அல்லது தட்டின் ஊடாகப் பல துளைகள் இட வேண்டும். ஸ்பீக்கர் காந்தத்தை மேலே தேய்ப்பது, தண்ணீரில் ஊறப்போடுவது இதெல்லாம் பயன் தராது. நெருப்பில் போடுவது புகையால் உங்களுக்குத்தான் கேடு. விற்காமல் வைத்துக்கொள்ளும் எஸ்எஸ்டியை உடைக்க நேர்ந்தால், அதன் மேல் இருக்கும் கறுப்புச் சில்லு ஒவ்வொன்றும் உடைந்திருக்க வேண்டும். பலகையில் ஒரு துளை போட்டால் துளை படாத சில்லு பிழைத்துக்கொள்ளும். உடைத்த மிச்சத்தை வீதிக் குப்பையில் போடாமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேர்த்துவிடுங்கள்.

"நாங்களே அழித்துவிடுவோம்" என்ற கடைக்காரரைப் பற்றி. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஒரு நாளைக்குப் பல கணினி வந்து போகும் கடையில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம் காத்திருந்து பூஜ்யம் எழுத யாருக்கும் நேரம் இருக்காது. குவிக் ஃபார்மேட் செய்து விண்டோஸ் ஏற்றினால் அவர் வேலை முடிந்தது. பெரிய இடங்களிலேயே இது நடந்திருக்கிறது. மார்கன் ஸ்டான்லி என்ற அமெரிக்க நிதி நிறுவனம் தன் பழைய கணினிகளை அப்புறப்படுத்தும் பொறுப்பை, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத, சாமான் ஏற்றி இறக்கும் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. தரவோடு கூடிய சாதனங்கள் கைமாறி இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்துவிட்டன. சுமார் ஒன்றரைக் கோடி வாடிக்கையாளர்களின் விவரங்களைக் காக்கத் தவறியதற்காக 2022இல் அந்த நாட்டின் பங்குச் சந்தை ஆணையம் மூன்றரைக் கோடி டாலர் அபராதம் விதித்தது. நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை வைத்திருப்பவர்தான் அதைக் காக்க வேண்டும் என்கிறது. உங்கள் வாசலைத் தாண்டும் முன்பே அழிந்திருக்க வேண்டும். கடைக்காரர் அதன் பிறகு இன்னொரு முறை அழித்தால் அழிக்கட்டும்.

அழிக்கும் முன் கவனிக்க வேண்டிய சில்லறை வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். கட்சிக்காரர் கணக்குகளை இரண்டு தனி இடங்களில் நகல் எடுங்கள். அந்த நகல் டிஸ்கிற்கும் பிட்லாக்கரால் பாஸ்வேர்டு போடுங்கள். நகல் எடுத்ததோடு நிற்காமல், வேறொரு கணினியில் டேலி கணக்கு மென்பொருளைத் திறந்து ஏதாவது இரண்டு நிறுவனங்களின் ஐந்தொகை சரியாக வருகிறதா என்று பாருங்கள். திறக்காத நகலை நம்பி அழித்துவிட்டு அழுதவர்கள் பலர். டேலி உரிமம் கணினியோடு பிணைந்தது. அழிப்பதற்கு முன் டேலிக்குள்ளேயே உரிமத்தைச் சரண்டர் செய்ய வேண்டும். மேசைக் கணினியில் அது நடக்கவில்லை என்றால், உரிமத்தின் வரிசை எண்ணை எடுத்துக்கொண்டு, அதை விற்ற முகவரிடம் கேளுங்கள். கட்சிக்காரர்களின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன்கள் மேசை இழுப்பறையில் இருந்தால் அவரவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாஸ்வேர்டு தாள் ஒன்று இருந்தது என்றால், ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பாஸ்வேர்டை மாற்றச் செய்யுங்கள். கூகுள், மைக்ரோசாஃப்ட் கணக்குகளில் உள்ள சாதனங்களின் பட்டியலிலிருந்து இந்தக் கணினிகளை நீக்குங்கள்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: அலுவலகத்தில் நின்று வேலை செய்யும் பெரிய ஜெராக்ஸ் இயந்திரம் இருக்கிறதா? அவற்றில் பலவற்றுக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. நகலெடுத்த தாள்களின் பிம்பம் அதில் தங்கும். அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று, வாடகைக்கு எடுத்த இயந்திரங்களை அழிக்காமல் திருப்பிக் கொடுத்ததற்காக 2013இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்ட வேண்டிவந்தது. உங்களுடையது அத்தகையதாக இருந்தால், அமைப்புகளுக்குள் டிஸ்கை அழிக்கும் வாய்ப்பு இருக்கிறதா என்று பழுதுபார்க்க வருபவரிடம் கேட்டுச் செய்துவிடுங்கள். மேசை மேல் வைக்கும் சிறு பிரிண்டர் என்றால் பெரும்பாலும் இந்தக் கவலை இல்லை. அமைப்புகளைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினால் போதும்.

மருமகப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். கணினி தெரிந்தவர்களிலேயே பலர் அவர் நினைத்ததைத்தான் நினைக்கிறார்கள். நகல் இருக்கிறது என்பது உறுதியான பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை அழைத்து மேசைக் கணினியின் டிஸ்கில் தொடங்கச் சொல்லுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே லேப்டாப்பின் குறியாக்கத்தை ஆரம்பித்துவிடலாம். ஹெச்எக்ஸ்டி திரையில் வரும் பூஜ்யங்களைக் கைபேசியில் படமெடுத்து, எந்த டிஸ்க், எந்த வரிசை எண், எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதி அலுவலகக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு எந்தக் கட்சிக்காரராவது கேட்டால் காட்ட அது உதவும். நகல் எடுக்கவில்லை என்றால் மட்டும் எதையும் தொடாமல் எனக்கு மறுபடி எழுதுங்கள். முதலில் மீட்பு, பிறகு அழிப்பு என்று அதற்கு வேறு வரிசை இருக்கிறது.